காற்றுப்பெட்டிக்கு ஒரு சட்டை

திங்கட்கிழமை காலையில் வண்டி வரும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். வந்தால் டிரைவரைப் படுக்கையோடு தூக்கிக்கொண்டு போய் மேல்மாடி வார்டில் சேர்த்துவிடுவார்கள். அந்த வார்டுக்குப் போனவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற வழக்கம் இல்லை. சாயங்காலத்தில் போய்க் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

செய்தி வந்தபோது அவர் மனைவி டெய்லரம்மா ஒரு சோபா உறைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். போனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள், அந்த ஜிப்பைத் தலைகீழாகத் தைத்து முடித்தாள். இத்தனை வருஷத் தொழிலில் அவள் கை அப்படி ஒரு தப்பைச் செய்ததில்லை. பிரித்துத் தைக்க மனசில்லாமல் மடித்து ஓரமாக வைத்துவிட்டாள்.

அந்த வீட்டில் முன்னறைதான் பெரிசு. ஜன்னலோரம் தையல் மெஷின், சுவரோரம் துணிச் சுருள்கள், நடுவில் டிரைவருடைய கட்டில். திரைச்சீலைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் முதலில் கட்டிலைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள், பிறகு பழகிப்போய் அவரிடமே நிறம் கேட்பார்கள். டிரைவருக்குத் துணி நிறத்தில் ஞானம் ஒன்றும் கிடையாது. யார் கேட்டாலும் நீலம் என்பார். ஊரில் பாதி வீடுகளில் நீலத் திரை தொங்குவதற்கு அவர்தான் காரணம்.

நோய் அவருக்குக் காலிலிருந்து ஏறியது. முதலில் கிளட்சை மிதித்த கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அப்புறம் கை. அப்புறம் ஒரு நாள் மூச்சு இழுக்கிற தசையும் கைவிரித்துவிட்டது. கழுத்தில் ஒரு துளை போட்டு, குழாய் வைத்து, தலைமாட்டில் ஒரு ஸ்டூலின்மேல் மூச்சு மெஷினை உட்கார வைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தெருவில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஆகவே கரண்டில் ஓடுகிற மெஷின் சரிப்படாது என்று ஆஸ்பத்திரியில் யோசித்து, காற்றிலேயே ஓடுகிற ஒன்றைக் கொடுத்தார்கள். பின்பக்கத் தகரக் கொட்டகையில் கம்ப்ரசர் இருந்தது. அது நின்றுபோனால் திறந்துகொள்ள ஆளுயரச் சிலிண்டர்கள் இரண்டு. காற்று ரப்பர் குழாய் வழியாக வந்து அந்தப் பெட்டிக்குள் நுழைந்து, பிறகு டிரைவருடைய நெஞ்சுக்குப் போகும்.

அதற்குக் காற்றுப்பெட்டி என்று பெயர் வைத்தது டிரைவரின் அக்கா. அவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவள். எந்த பஸ் எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று ஆயுசு முழுக்க மைக்கில் கத்தி, ஓய்வு பெற்ற பிறகு மைக் இல்லாமலே கத்திக்கொண்டிருந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் மைக்கக்கா. தம்பி படுத்ததும் தன் பெட்டி படுக்கையோடு வந்து உள்ளறையைப் பிடித்துக்கொண்டாள். ரகசியம் பேசினாலும் பக்கத்து வீட்டில் பதில் வரும்.

வெள்ளிக்கிழமை அன்று அவள் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டே கேட்டாள்: "திங்கக்கிழமைன்னா வெறும் திங்கக்கிழமையா, காலையிலயா, மத்தியானமா?"

"காலையில அண்ணி. மெதுவாப் பேசுங்க, அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமே. அவனுக்குத் தெரியாம அவனைத் தூக்கிட்டுப் போகப் போறாங்களா? எதுக்கு இப்ப திடீர்னு?"

"திடீர்னு இல்ல. விரல்ல மாட்டிப் பாக்கற மெஷின்ல நான் தினம் பாத்து எழுதறதுல ஒவ்வொரு தடவையும் கம்மியாத்தான் காட்டுது. டாக்டர் என்ன சொல்றாருன்னா, பெட்டி குடுக்க வேண்டியதைச் சரியாத்தான் குடுக்குது, உடம்புதான் வாங்கிக்க மாட்டேங்குதாம். நோய் நெஞ்சுக்குள்ள போயிடுச்சாம். இனிமே வீட்ல வெச்சுப் பாக்க முடியாதுன்னுட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்ன சொல்ல? சரின்னேன்."

"அவன்?"

டெய்லரம்மா கஞ்சிக்குக் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். அவர் என்ன சொன்னார் என்பதுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வார்டு என்றதும் அவர் முகம் சுளிக்கவில்லை, கண் கலங்கவில்லை. "போலாம்" என்றார். ஏதோ டிப்போவிலிருந்து வண்டி எடுக்கச் சொன்ன மாதிரி ஒரே வார்த்தை.

ஒரே வார்த்தை என்றதால் சொல்ல வேண்டும். அவர் பேச்சு இப்போது அப்படித்தான் ஆகியிருந்தது. பெட்டி காற்றை உள்ளே தள்ளும்போது அதில் கொஞ்சம் தொண்டைப் பக்கம் கசிந்து மேலே வரும். அந்தக் கசிவில்தான் அவர் பேச வேண்டும். பெட்டி வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு மூச்சில் ஒரு முழு வாக்கியம் பேசுவார், அதில் கேலியும் இருக்கும். போகப் போக வாக்கியம் பாதியானது. இப்போது இரண்டு வார்த்தை, பிறகு காத்திருப்பு, பிறகு இரண்டு வார்த்தை.

"கஞ்சில… உப்பு," என்றார் டிரைவர், டெய்லரம்மா ஊட்டும்போது. அடுத்த மூச்சு வந்தது. "ஜாஸ்தி."

"உங்க அக்கா போட்டது. அவங்ககிட்டயே சொல்லுங்க."

"பயமா… இருக்கு."

அவள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே எழுந்து அந்தப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை இன்ஜினியரம்மா வந்தாள். ஆஸ்பத்திரியில் மெஷின் பிரிவில் வேலை. சின்ன வயசுதான். இந்தக் காற்றுப்பெட்டிகளை வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. எப்போதும் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு வீட்டைத் தயார் செய்யாமல் இருக்க முடியுமா? டெய்லரம்மா தரையைத் துடைத்தாள், துணி வெட்டுகளைக் கூட்டிப் பையில் அடைத்தாள், டிரைவருக்குச் சட்டை மாற்றினாள், கடைசியாகக் காற்றுப்பெட்டியின் சட்டையைக் கழற்றி மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள்.

பெட்டிக்கு அவள் ஒரு சட்டை தைத்திருந்தாள். அதைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெட்டி ஓயாமல் சீறும். காற்று உள்ளே போகும்போது ஒரு சீறல், வெளியே வரும்போது ஒரு சீறல். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறவள் அவள். மாதக்கணக்கில் கண்ணை மூடினாலும் தூக்கம் வரவில்லை. ஒரு நாள் பகலில் தைத்துக்கொண்டிருந்தபோது கண் சொக்கி, ஊசி இடதுகை விரல் நகத்தைத் துளைத்து இறங்கிவிட்டது. அதன் பிறகுதான் மீந்த பருத்தித் துணியில் பெட்டிக்கு ஓர் உறை தைத்துப் போட்டாள். சீறல் கொஞ்சம் அடங்கியது. அடங்குகிறது என்றால் இன்னும் அடக்கலாம் அல்லவா? இரண்டாவதாகத் தைத்ததில் உள்ளே ஸ்பாஞ்ச் வைத்தாள். மூன்றாவது அவளுடைய கைத்திறன் எல்லாம் கூடி வந்தது. அடியில் எலாஸ்டிக், குழாய் நுழைகிற இடங்களில் சட்டைக் காஜா மாதிரி ஓரம் அடித்த துளை. பெட்டியின் உடம்போடு பிடித்த பிடியில் சுருக்கம் ஒன்று விழாது. அதைப் போட்டபின் சீறல் ஏதோ அடுத்த வீட்டில் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. டெய்லரம்மா முதல்முறையாக விடிகிறவரை தூங்கினாள்.

"என் தம்பிக்குக்கூட இப்படி அளவெடுத்துச் சட்டை தைச்சதில்ல நீ," என்று மைக்கக்கா தெருவுக்கே கேட்கும்படி பாராட்டினாள்.

ஆனால் பெரிய இடத்திலிருந்து ஆள் வரும்போது அதைக் கழற்றிவிடுவாள். ஆஸ்பத்திரிப் பொருள், நாம் இஷ்டத்துக்குத் துணி சுற்றி வைத்திருக்கிறோம் என்று நினைக்கக்கூடாது பாருங்கள். நர்ஸ் வந்தாலும் அப்படித்தான், இன்ஜினியரம்மா வந்தாலும் அப்படித்தான். சும்மா பளிச்சென்று துடைத்த பெட்டியைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இன்ஜினியரம்மா குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள், டிரைவருக்குக் கையால் அமுக்குகிற ரப்பர் பையால் மூச்சுக் கொடுக்கும்படி டெய்லரம்மாவிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை ஒரு ரப்பர் பலூனில் பொருத்திப் பார்த்தாள். பலூன் உப்பியது, வற்றியது, உப்பியது. முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"பெட்டியில ஒரு குறையும் இல்லக்கா," என்றாள் வருத்தத்தோடு. குறை இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அவளும் நினைத்தாள் போலிருக்கிறது.

மைக்கக்கா விடவில்லை. "உள்ள ஏதாவது தேஞ்சு போயிருக்கும்மா. ஒரு ஸ்ப்ரிங்கு, ஒரு வாஷர். கழட்டிப் பாரேன்."

"தேயறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல பெரியக்கா. அசையற சாமானே கிடையாது. ஒயர் இல்ல, ஸ்ப்ரிங் இல்ல. காத்துதான் காத்தைத் திருப்புது."

"காத்து எப்படிக் காத்தைத் திருப்பும்? அதுக்கென்ன கை இருக்கா?"

இன்ஜினியரம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் நேராக விழுந்தது. ஒரு கரண்டியை எடுத்து அதன் முதுகை நீரோடு லேசாக ஒட்டினாள். தண்ணீர் கரண்டியின் வளைவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போய் விழுந்தது. மைக்கக்கா வாயைப் பிளந்தாள்.

"காத்தும் இப்படித்தான். பக்கத்துல ஒரு சுவர் இருந்தா அதுல ஒட்டிக்கும். பெட்டிக்குள்ள ரெண்டு வழி வெட்டியிருக்கு. ஒரு பக்கச் சுவத்துல ஒட்டினா அண்ணன் நெஞ்சுக்குப் போகும். நெஞ்சு நெறைஞ்சதும் அங்கேருந்து கொஞ்சம் காத்து எதிர்த்துத் திரும்பி வந்து பக்கவாட்டுல ஒரு தள்ளு தள்ளும். உடனே இந்தச் சுவரை விட்டுட்டு அந்தச் சுவத்துல போய் ஒட்டிக்கும். அப்ப அண்ணன் மூச்சு வெளிய வரும்."

"அப்ப, நெஞ்சு போதும்னு சொன்னா பெட்டி கேட்டுக்குது."

"அவ்வளவேதான்."

"யார் சொல்லும் கேக்காத பய. அவன் சொல்றதைக் கேக்க ஒரு பெட்டி!" என்றாள் மைக்கக்கா. முன்னறையில் டிரைவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. சட்டை போடாத பெட்டி என்பதால் சிரிப்புக்கும் கொஞ்சம் காற்று இருந்தது. அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் போய்விடலாம் என்று இன்ஜினியரம்மா கிளம்பினாள். அவள் படியிறங்கியதுமே டெய்லரம்மா தலையணைக்கடியிலிருந்து சட்டையை எடுத்து உதறி, பெட்டிக்குப் போட்டு, எலாஸ்டிக்கைக் கீழே இழுத்துவிட்டாள். கைப்பழக்கம். வீட்டில் சீறல் அடங்கியது.

மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் அல்ல, வாளியைக் கவிழ்த்த மாதிரி. கொட்டகைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் மைக்கக்கா பேசுவதே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டெய்லரம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, தலைகீழாகத் தைத்த ஜிப்பைப் பிரிக்க உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்து மழை கொஞ்சம் விட்டபோது கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் இன்ஜினியரம்மா. தெருமுனைக் கடையில் ஒதுங்கி நின்றிருக்கிறாள், கடைக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது, திரும்பி ஓடி வந்திருக்கிறாள்.

"தலையைத் துவட்டு முதல்ல," என்று துண்டைக் கொடுத்தாள் டெய்லரம்மா. "அண்ணி, ஒரு டீ போடுங்க."

இன்ஜினியரம்மா துண்டைத் தலையில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துவட்டவில்லை. காது கொடுத்துக் கேட்டாள்.

"அக்கா, அண்ணன் ஏன் இவ்வளவு வேகமா மூச்சு விடறாரு?"

"எப்பவும் இப்படித்தாம்மா."

"நான் வந்தப்போ இப்படி இல்லையே." அவள் கட்டிலருகில் போனாள். டிரைவருடைய நெஞ்சு சின்னச் சின்னதாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறுவதற்குள் இறங்கிவிடும். பிறகு ஸ்டூலைப் பார்த்தாள். "இது என்ன?"

டெய்லரம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "அது சும்மா ஒரு உறை. சத்தத்துக்காக. அழுக்கும் படாதுன்னு… தப்பா நினைச்சுக்காதே, துவைச்ச துணிதான்."

இன்ஜினியரம்மா எலாஸ்டிக்கை விலக்கி உறையை மெதுவாகக் கழற்றினாள். பெட்டி சீறியது. அதன் பக்கவாட்டில் சீப்புப் பல் மாதிரி வெட்டியிருந்த சந்துகளில் அவள் விரலை வைத்தாள். டிரைவரின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு எழுந்தது. இன்னும் எழுந்தது. நின்று, நிதானமாக இறங்கியது.

டெய்லரம்மாவும் பார்த்தாள். அளவு எடுத்தே வாழ்ந்த கண் அது. ஒரு விரற்கடை வித்தியாசம்கூட அதற்குத் தப்பாது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இந்தச் சந்து வழியாத்தான் மிச்சக் காத்து வெளிய போகணும்," என்றாள் இன்ஜினியரம்மா தணிந்த குரலில். "அடைச்சா அது போக வழியில்லாம உள்ளயே திரும்பித் தள்ளும். நெஞ்சு நெறையலன்னாலும் நெறைஞ்சிடுச்சுன்னு பெட்டி நம்பிடும். பாதியிலேயே மாறிடும்."

மைக்கக்கா டீயோடு வாசற்படியில் நின்றாள். டெய்லரம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மனசுக்குள் கணக்கு தானாக ஓடியது. பருத்திச் சட்டை போட்ட மாதம், அவர் வாக்கியம் சுருங்கிய மாதம். ஸ்பாஞ்ச் வைத்த மாதம், அது பாதியான மாதம். எலாஸ்டிக் போட்ட பிறகு இரண்டு வார்த்தை. எவ்வளவு நன்றாகத் தைத்தாளோ அவ்வளவுக்கு அவர் மூச்சு போயிருக்கிறது. இன்னும் ஒரு சட்டை தைத்திருந்தால்?

"தப்பு என்னோடதும்தான் அக்கா," இன்ஜினியரம்மா அவள் பக்கத்தில் குந்தினாள். "பெட்டியை மூடாதீங்கன்னு நாங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரல. மூடுவாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல. நீங்க மட்டும் உங்களையே அடிச்சுக்காதீங்க." எழுந்து டாக்டருக்குப் போன் பண்ணினாள். ரொம்ப நேரம் பேசினாள். முடித்துவிட்டு வந்து பட்டும் படாமல் சொன்னாள்:

"வண்டி வரத்தான் வருமாம். நானும் கூட வரேன். திங்கக்கிழமை மறுபடி அளந்து பாக்கணும். நல்லா இருந்தா, போறதா இருக்கறதான்னு அண்ணனே சொல்லலாம்னு டாக்டர் சொல்றாரு. ஆனா ஒண்ணு அக்கா, நோய் இல்லாமப் போயிடல. அது இருக்கு. இது அதோட சேர்ந்துக்கிட்டது, அவ்வளவுதான்."

அவள் போனபின் டெய்லரம்மா அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பாவி நான். என் கையாலயே உங்க மூச்சைப் புடிச்சிருக்கேன். தூக்கத்துக்கு ஆசைப்பட்டு…"

"தெரியும்," என்றார் டிரைவர்.

சமாதானம் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். "என்ன தெரியும்?"

"அந்தச் சட்டையாலதான்னு தெரியும்." ஒரே மூச்சில் வந்தது. ஒரே மூச்சில் இரண்டு வார்த்தைக்கு மேல் அவர் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அதைக் கேட்ட சந்தோஷத்தில் அவர் சொன்னது என்னவென்று அவள் மண்டைக்கு ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அழுகை நின்றுவிட்டது. "எப்பலேருந்து?"

"மொதல் சட்டையிலேருந்து. இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவன், வண்டிக்கு மூச்சு முட்டினா எனக்குத் தெரியாதா?"

"சொல்றதுக்கென்ன?"

அவர் ஒரு மூச்சைப் பேசாமல் விட்டார். "ஊசி உன் நகத்துல ஏறினப்போ நீ கத்தக்கூட இல்ல. பாதித் தூக்கத்துல அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தே. நான் இங்கேருந்து பாக்கறேன், கையைத் தூக்க முடியல." அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார். "அப்புறம் சட்டை போட்டே. தூங்கினே. குறட்டை விட்டே. உனக்குக் குறட்டை வரும்னு எனக்கு அப்பதான் தெரியும். கேக்க நல்லா இருந்துச்சு."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். நான் வார்டுக்குப் போயிட்டா நீ இன்னும் நல்லாத் தூங்குவேன்னு நினைச்சேன்."

டெய்லரம்மா அவர் கையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் முகத்தை அப்படி ஒரு கோபத்தில் டிரைவர் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

"நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கல. நான் என்ன உங்க பஸ்ல ஏறின ஆளா, எங்க எறங்கணும்னு நீங்க சொல்றதுக்கு? நான் தூங்கி எழுந்திரிச்சுப் பாக்கறப்போ நீங்க இல்லேன்னா, அந்தத் தூக்கத்தை நான் என்ன பண்றது?"

அவர் வாயைத் திறந்தார். பேச்சுக்குக் காற்று இருந்தது, பேச்சுதான் இல்லை.

"என்னைக் கொலைகாரி ஆக்கிட்டுப் போயிருப்பீங்க. அதுவும் எனக்கே தெரியாம!"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரிடம் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் வேலை எதுவும் நிற்கவில்லை. காலையில் கழுத்துத் துளையைச் சுற்றித் துடைத்துப் புதுத் துணி வைத்தாள். சளியை உறிஞ்சு குழாயால் எடுத்தாள். கொதிக்கிற தண்ணீரில் மாற்றுக் குழாய்களைப் போட்டு எடுத்துக் கொடியில் காயவைத்தாள். முதுகு புண்ணாகாமல் இருக்க வலதுபக்கம் திருப்பி, அப்புறம் இடதுபக்கம் திருப்பினாள். திருப்பும்போது எப்போதும் சொல்கிற "புடிச்சுக்குங்க" மட்டும் இல்லை. அவரால் பிடிக்க முடியாது, இருந்தாலும் அதைச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

மைக்கக்கா இரண்டு பக்கமும் அறிவிப்புச் சொல்லிக் களைத்துப்போனாள்.

"தண்ணி வேணுமாம் உன் புருஷனுக்கு."

"குடுங்க அண்ணி."

"நீ குடுத்தாத்தான் குடிப்பானாம்."

"அப்ப தாகம் இல்லேன்னு அர்த்தம்."

"டேய், தாகம் இல்லேன்னு அர்த்தமாம்டா!"

"காது… கேக்குது… அக்கா," என்றார் டிரைவர். காற்றுக்குப் பஞ்சமில்லை. பழக்கத்தில் விட்டு விட்டுப் பேசினார், அல்லது அவளுடைய இரக்கத்தைச் சம்பாதிக்கப் பார்த்தார். டெய்லரம்மா கத்தரிக்கோலை மேஜையில் கொஞ்சம் பலமாக வைத்தாள். அவர் உடனே தண்ணீரைக் குடித்துவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மைக்கக்கா அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்: "நாளைக்கு அவங்க வந்து கேட்டா அவன் என்ன சொல்லுவான்?"

"தெரியாது."

"நீ சொல்லு. இங்கதான் இருக்கணும்னு நீ ஒரு போடு போடு. பொண்டாட்டி சொன்னா மீறுவாங்களா?"

"சொல்ல மாட்டேன் அண்ணி. நான் சொன்னா எனக்காக இருப்பாரு. போன்னு சொன்னா எனக்காகப் போவாரு. எனக்கு அது வேண்டாம். அவருக்கு இருக்கணும்னு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்." சொல்லும்போதே குரல் உடைந்தது. "அது இல்லேன்னா, இந்தப் பெட்டி எவ்வளவு காத்து குடுத்து என்ன?"

மைக்கக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள்.

திங்கட்கிழமை சொன்னபடி வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்கள், பின்னால் இன்ஜினியரம்மா. தெருவில் கதவுகள் திறந்துகொண்டன. ஆட்கள் கட்டிலையும் வாசலையும் கண்ணால் அளந்து, எந்தப் பக்கமாகத் திருப்பி எடுப்பது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தையல் மெஷினைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும் என்றார்கள். டெய்லரம்மா பேசாமல் நகர்த்திக் கொடுத்தாள். அப்படி நகர்த்துகிறவளைப் பார்த்து டிரைவரின் முகம் சிறுத்துப்போனது.

இன்ஜினியரம்மா விரலில் மாட்டிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்துப் பெட்டியின் சத்தத்தோடு சேர்த்துக் கவனித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

"நல்லா இருக்கு அண்ணே. போன மாசத்தைவிட எவ்வளவோ மேல். இப்ப வார்டு அவசியம் இல்ல. ஆனா உங்களுக்கு அங்க இருந்தாத்தான் நிம்மதின்னா இடம் தயாரா இருக்கு. நீங்க சொல்றதுதான். வரீங்களா?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் அவள். இரண்டு நாளில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. "உங்களைத்தான் கேக்கறாங்க."

பெட்டி ஒரு மூச்சைக் கொடுத்தது. அவர் அதைப் பேசாமல் விட்டுவிட்டார். இன்னொன்றைக் கொடுத்தது. அதுவும் வீணாகப் போனது. ஸ்ட்ரெச்சர் பிடித்த ஆட்களில் ஒருவர் கை மாற்றிக்கொண்டார். மைக்கக்கா வாயைத் திறந்தாள். டெய்லரம்மா அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

டிரைவர் வாசலைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் எங்கே போக வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஏற்றி இறக்கின மனுஷன், அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைத்துக்கொள்ள அவரால் முடியாது. அவளும் துடைக்கவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள். அடுத்த மூச்சு வந்து நெஞ்சு முழுக்க நிறைந்தது.

"நான் வரலப்பா, எனக்கு என் வீட்லயே இருக்கணும், இன்னும் கொஞ்ச நாள் உசிரோட இருக்கணும்னு ஆசையா இருக்கு."

ஒரே மூச்சு. முழுசாக.

ஆட்கள் ஸ்ட்ரெச்சரை மடிக்கத் தொடங்கினார்கள். மைக்கக்கா ஓவென்று அழுதாள். இன்ஜினியரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டெய்லரம்மா கட்டிலோரம் வந்து குனிந்து, புடவைத் தலைப்பால் அவர் கண்ணையும் காதையும் துடைத்துவிட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

அவர் மூச்சு வரும்வரை காத்திருந்து, சொன்னார்.